தர்ப்பை போடாத தண்ணி

தாரணி, முழிச்சிண்டுதானே இருக்கே? பதில் எதுவும் போடாதே. இந்த வாய்ஸ் மெசேஜ மட்டும் கேளு. போர்வைக்குள்ள வெச்சுண்டு பேசறேன், அதான் குரல் இப்படி அமுங்கி இருக்கு. சத்தமா பேசினா அண்ணா கேட்டுடுவான். ஹால்ல, மீன் தொட்டிக்குப் பக்கத்துலயே பாயப் போட்டுண்டு படுத்திருக்கான்.

எனக்கு உடம்பெல்லாம் அசதியா இருக்குடீ. ஆனா தூக்கம் வரலை. பயமா இருக்கு.

நீ சென்னைக்குப் போனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சொல்லிண்டு வரேன். ஆனாலும் மறந்திருப்பே. எங்க ஷ்ரேயாஸ் அண்ணா ரெண்டு தடவை நீட் எழுதி வரலை. மூணாவது தடவைக்குன்னு அப்பா அவனை ஹோசூர் ரோட்ல அத்திபெலே தாண்டி ஒரு ஹாஸ்டல் கோச்சிங்ல சேத்தார். ஜூன்ல ஒரு நாள் அங்கேந்து எழுந்து நடந்து வந்துட்டான். ரெண்டு நாள் எங்க இருக்கான்னே தெரியலை. அத்திபெலே பஸ் ஸ்டாண்ட்ல, ஒரு ஜூஸ் கடை பெஞ்சுல உக்காந்திருந்தான். அந்த ரெண்டு நாள் என்ன நெனச்சிண்டிருந்தான்னு இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. யாருக்கும் கேக்க தைரியமும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு அவனா வாயத் தொறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு மீன் தொட்டி வேணும்.

அப்பா பேப்பர மடிச்சு வெச்சார். அப்புறம் சொன்னார். "சரி. வாங்கித் தரேன். தீபாவளி வரைக்கும் ஒரு மீன் கூட சாகாம வெச்சுக் காட்டு. அப்புறம் உனக்கு என்ன படிக்கணும்னு நீ சொல்லு, நான் கேக்கறேன். செத்துதுன்னா, மறு பேச்சு பேசாம ஹாஸ்டலுக்குக் கிளம்பணும்."

"சரிப்பா"ன்னான்.

இவ்ளோதான் கதை. மத்ததெல்லாம் இந்த ரெண்டடித் தொட்டிக்குள்ளதான் நடக்கறது.

தொட்டி வந்ததும் நாளைக்கே மீன் வரும்னு நான் நெனச்சேன். வரலை. கல்லு போட்டான், தண்ணி ஊத்தினான், ஃபில்டர மாட்டி ஓட விட்டான். அவ்ளோதான். தினம் ஒரு சிட்டிகை மீன் சாப்பாட்ட வெறும் தண்ணில போடுவான். ஒரு குட்டி ட்யூப்ல தண்ணிய எடுத்து மருந்து சொட்டு விட்டு, மஞ்சளா பச்சையான்னு லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பாப்பான்.

மல்லேஸ்வரத்துலேந்து சேஷகிரி மாமா வந்தப்போ தொட்டிய குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். "எங்கேடா மீனு?"

"இன்னும் வரலை மாமா. தண்ணி ரெடியாகணும்."

"தண்ணி என்னடா ரெடியாறது? சாம்பாரா?"

அப்பா பேப்பர இறக்காமலே சொன்னார். "நமக்குத் தண்ணி காட்டிண்டிருக்கான்."

மாமா விழுந்து விழுந்து சிரிச்சார். அண்ணா சிரிக்கலை. ராத்திரி என்கிட்ட மட்டும் சொன்னான். மீன் போற கழிவுலேந்து ஒரு விஷம் வருமாம். ஃபில்டருக்குள்ள இருக்கற ஸ்பாஞ்சுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியேறி, அந்த விஷத்த தின்னுமாம். அது வளர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அது வளரறதுக்கு முன்னாடி மீன விட்டா மீன் போயிடும்.

"பார்க்க அழுக்கா இருக்கும் ரஞ்சு. ஆனா அதுதான் உயிரு"ன்னான்.

பூச்சின்னு காதுல விழுந்ததும் அம்மா சமையலறைலேந்து வந்தா. "பூச்சியா? நடு ஹால்லயா? சாக்கப்பா சாக்கு, போதும், எனக்கு நீ ஒண்ணும் சொல்லாதே"ன்னு காதப் பொத்திண்டு உள்ள போயிட்டா.

அம்மா அப்போ காதப் பொத்திக்காம இருந்திருக்கலாம்.

போன வாரம்தான் மீன் வந்தது. ஆறு. கோடு கோடா இருக்குமே, ஜீப்ரா மீனு. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கவர்லேந்து விட்ட உடனே இங்கேந்து அங்க, அங்கேந்து இங்கன்னு ஒண்ண ஒண்ணு துரத்தித்து. நான் அண்ணாவத்தான் பாத்தேன். ஜூனுக்கு அப்புறம் அவன் பல்லு தெரிஞ்சது அன்னிக்குத்தான்.

சரி. இன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

நேத்திக்கு ராத்திரி சந்திர கிரகணம் இல்லையா? எங்காத்துல அது ஒரு பெரிய காரியம். சாயங்காலமே சாப்ட்டு முடிச்சாச்சு. ஊறுகா ஜாடி, தயிர், மாவு, குடிக்கற தண்ணி, தரைக்கு அடில இருக்கற சம்ப்பு, எல்லாத்துலயும் ஒரு ஒரு தர்ப்பைய கிள்ளிப் போட்டா அம்மா. தர்ப்பை இருந்தா தீட்டு ஒட்டாது. தர்ப்பை போடாம வெச்ச தண்ணிய விடிஞ்சதும் கொட்டிடணும்.

தொட்டிகிட்டயும் ஒரு தர்ப்பையோட வந்தா. அண்ணா குறுக்க நின்னுண்டான்.

"இதுல எதுவும் போடாதேம்மா. ப்ளீஸ்."

"புல்லுதானேடா."

"வேண்டாம்மா. என்ன பட்டிருக்குமோ தெரியாது."

அம்மா தர்ப்பைய முந்தானைல முடிஞ்சுண்டு போயிட்டா. நான்கூட நெனச்சேன், பரவால்லையே, அம்மா விட்டுக் குடுத்துட்டாளேன்னு.

திங்கட்கிழமைன்னா அண்ணாவுக்குக் கவுன்சிலிங், அதான் பேசற டாக்டர். அப்பா பொம்மசந்திரா ஃபாக்டரிக்குப் போற வழில அவனை இறக்கி விடுவார். திரும்பி வரச்சே அவனே மெட்ரோல வந்துடுவான். எனக்கு இன்னிக்குக் காலேஜ்ல ஒரு டெஸ்ட் மட்டும்தான். மத்யானத்துக்கு முன்னாடியே வந்துட்டேன்.

வாசல்லேந்தே ஃபினாயில் வாசனை. வீடு முழுக்க அலம்பி விட்டிருந்தா அம்மா. பால்கனிக் கொடில கர்ட்டன், சோபா துணி, எல்லாம் தொங்கறது. தலைல துண்டக் கட்டிண்டு, முகமெல்லாம் வேர்த்து, களைச்சுப் போய் சோபா நுனில உக்காந்திருந்தா. ஆனா சந்தோஷமா இருந்தா.

"வந்துட்டியா? இங்க பாரு. பளிச்சுன்னு இல்லை?"

தொட்டியத்தான் காமிச்சா.

தாரணி, நான் இவ்ளோ சுத்தமா ஒரு தண்ணியப் பாத்ததே இல்லை. கண்ணாடி இருக்கறதே தெரியலை. கல்லு ஒண்ணொண்ணும் தனித்தனியா மின்னறது. மீன் அந்தரத்துல தொங்கற மாதிரி இருந்தது.

கிட்டக்கப் போய்க் கண்ணாடிய விரலால தொட்டுப் பாத்தேன்.

"அம்மா. பழைய தண்ணி?"

"கொட்டியாச்சு."

"எல்லாமா?"

"பின்ன, பாதியா? தர்ப்பை போடக் கூடாதுன்னு நின்னவன் உங்கண்ணாதானே? தர்ப்பை போடாத தண்ணிய எப்படிடீ ஆத்துல வெச்சுக்கறது? குழாயத் தொறந்து புதுசா பிடிச்சு விட்டேன். பாவம், மீன ஒண்ணும் பண்ணலை. டீ வடிகட்டில ஒண்ணொண்ணா எடுத்து பக்கெட்ல விட்டு, அப்புறம் திருப்பி விட்டேன். ஆறும் இருக்கு, எண்ணிக்கோ. அந்த வடிகட்டிய இனிமே டீக்கு எடுக்காதே."

"கல்லு?"

"அரிசி களையற மாதிரி களைஞ்சேன். அப்பா, என்ன அழுக்கு! தண்ணி தெளியறதுக்குள்ள என் இடுப்பு போயிடுத்து."

கேக்கவே பயமா இருந்தது. ஆனா கேட்டேன். "ஸ்பாஞ்ச்?"

"அத ஏன் கேக்கறே. கன்னங்கரேல்னு, கொழகொழன்னு... விம் போட்டு நன்னா தேச்சுக் கொடில காயப் போட்டிருக்கேன்."

நான் பைய கூட கழட்டலை. அண்ணா வெச்சிருக்கற, க்ளோரின முறிக்கற மருந்து பாட்டில தேடி எடுத்து, எத்தனை சொட்டுன்னு தெரியாம ஏதோ விட்டேன். குழாத் தண்ணில இருக்கற க்ளோரின் மீனோட மூச்ச எரிச்சிடும்னு அவன் சொல்லிருக்கான். ஆறு மீனும் மேலயே நின்னுண்டு, வாயத் தொறந்து தொறந்து மூடித்து. ஒண்ண ஒண்ணு துரத்தலை.

"ஏன்டீ மூஞ்சி இப்படிப் போறது?"ன்னா அம்மா. "பசிக்கறதா அதுக்கு?"

"அம்மா, அந்த அழுக்குலதான்மா எல்லாம் இருந்தது. ரெண்டு மாசமா அவன் வளர்த்தது மீன இல்லை. அதத்தான்."

"எத?"

"நீ தேச்சு அலம்பினியே, அத."

அம்மாவுக்கு உடனே புரியலை. கொடியப் பாத்தா. தொட்டியப் பாத்தா. தலைத் துண்ட மெதுவா அவுத்தா. "எனக்கு யாரும் சொல்லலையே"ன்னா, சின்னக் குரல்ல.

அப்போதான் கேட் சத்தம் கேட்டது. அண்ணா.

உள்ள வந்தான். செருப்பக் கழட்டினான். ரெண்டு அடி வெச்சான், நின்னான்.

நான் அவன் கத்துவான்னு நெனச்சேன். கத்தினா நன்னா இருக்கும்னு கூட நெனச்சேன்.

"அம்மா, ஸ்பாஞ்ச் எங்க?"

"கொடில."

பால்கனிக்குப் போனான். ஸ்பாஞ்ச எடுத்து மூக்குகிட்ட வெச்சுண்டான். எனக்கு இங்க வரைக்கும் எலுமிச்சம்பழ வாசனை வந்தது. அத திருப்பி அதே எடத்துல வெச்சு, க்ளிப்ப மாட்டி, ஆடாம இருக்கான்னு ஒரு தடவை இழுத்துப் பாத்தான். அவ்ளோ நிதானம்.

அப்புறம் செருப்ப மாட்டிண்டு வெளில போயிட்டான். எங்கன்னு சொல்லலை. போன் மேஜை மேலயே இருந்தது.

அம்மா வாசலுக்கு ஓடினா. "ஷ்ரேயாஸ்! ஷ்ரேயாஸ்!" திரும்பலை. முனைல திரும்பி மறைஞ்சுட்டான்.

நாங்க ரெண்டு பேரும் கேட்டப் பிடிச்சுண்டு நின்னோம். எதிர்வீட்டு ராஜேந்திரன் அங்கிள் "ஏனம்மா, ஏனாயித்து?"ன்னு, என்ன ஆச்சுன்னு கேட்டார். அம்மா சிரிச்சிண்டே "ஏனில்லா அங்கிள், மகா அங்கடிகே ஹோதா"ன்னா. பையன் கடைக்குப் போயிருக்கான்னு. சிரிப்பு மட்டும் மூஞ்சில ஒட்டிண்டு அப்படியே நின்னுது.

உள்ள வந்து உக்காந்தோம். எழுந்தோம். உக்காந்தோம்.

"அப்பாவுக்கு போன் பண்ணட்டுமா?"

"பண்ணாதே. பண்ணினா மொதல்ல மீனப் பத்திக் கேப்பார்."

"பரவால்லையேம்மா, அண்ணா..."

"பண்ணாதேன்னேன்ல?" கோவமா ஆரம்பிச்சு பாதில குரல் உடைஞ்சுது. "நான்தானேடீ பண்ணினேன். ஆத்துக்கு நல்லது வரட்டும்னுதானே பண்ணினேன். காலம்பறலேந்து ஒரு வாய் காபி குடிக்கலை. அவன் பேருக்குத்தான் சங்கல்பம் பண்ணிண்டேன். அவன் ராசிக்கு இந்த கிரகணம் ஆகாதுன்னு பஞ்சாங்கத்துல போட்டிருந்தா."

காபி கலந்து கொண்டு வந்து வெச்சேன்.

ரொம்ப நேரம் ஆச்சு. சாதம் ஆறித்து. யாரும் தொடலை. ஒரு மீன் அடில போய் கல்லு மேல சாஞ்சு படுத்துண்டுது. நான் அம்மாகிட்ட சொல்லலை. அம்மாவும் பாத்திருந்தா, என்கிட்ட சொல்லலை.

திடீர்னு எழுந்து பர்ஸ எடுத்தா. "அத்திபெலேக்கு எந்த பஸ்டீ?"

"அம்மா..."

"ஆட்டோ கூப்பிடு. எனக்குத் தெரியும், அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருப்பான்."

ஆட்டோ புக் பண்ண போன எடுத்தேன். அப்போ வாசல்ல ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுது. ஹெல்மெட் போட்ட ஒரு குண்டு ஆன்ட்டி. பின்னால அண்ணா. மடில ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர். உள்ள கறுப்பா ஏதோ தளும்பறது.

"யம்மா! இது உங்க பையனா?" ஹெல்மெட்டக் கழட்டிண்டே கேட்டா. எனக்கு அப்போதான் ஞாபகம் வந்தது. ஆஸ்டின் டவுன்ல நானும் அண்ணாவும் பல்லுக்குக் கம்பி போட்டுண்ட க்ளினிக்ல, வரவாளுக்கு டோக்கன் குடுக்கற ஜூலியா ஆன்ட்டி.

"ஆமா, என் பையன்தான். என்ன ஆச்சு? என்ன பண்ணினான்?"

"என்ன பண்ணானா? க்ளினிக்குக்கு வந்தான். பல்லு வலியாப்பான்னேன். இல்ல ஆன்ட்டி, உங்க மீன் தொட்டி அழுக்கு வேணும்ங்கறான். நான் பயந்தே போய்ட்டேன்மா. இந்தக் காலத்துப் புள்ளைங்க என்னென்னத்தையோ இழுக்குதுங்க, இது எதுனா புதுசு போலன்னு."

அண்ணா வாய் ஓரம் லேசா அசைஞ்சுது.

"டாக்டருக்குப் போன் போட்டேன். அவரு சிரிக்கறாரு. ஒரு வருஷமா அந்தத் தொட்டிய ஆள் விட்டுக் கழுவுங்க சார்னு கேட்டுக்கிட்டு இருக்கேன், காதுல வாங்கல. இப்ப தானா வந்து ஒருத்தன் கேக்கறானே, தாராளமா குடுங்க ஜூலியான்னாரு. இவன் அந்த ஃபில்டருக்குள்ள கைய விட்டான் பாருங்க... ஐயோ, நாத்தம்! பேஷன்ட் ஒருத்தர் எழுந்து வெளிய போய்ட்டாரு."

"இவ்ளோ நேரம் ஆச்சே?"

"பஸ் ஏறினானாம். கண்டக்டர் ‘ஏன் நாத்தா இது, இளி இளி’ன்னு எறக்கி வுட்டாராம். திருப்பி எங்கிட்டயே வந்து நின்னான். எனக்கு மத்யானம் லீவு. சரி வா, வுட்டுட்டுப் போறேன்னு கூட்டியாந்தேன்."

அம்மா ஜூலியா ஆன்ட்டி கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டா. விடவே இல்லை. "காபி சாப்ட்டுப் போங்கோ"ன்னா, திருப்பித் திருப்பி.

அண்ணா நேரா தொட்டிகிட்ட போனான். கவரத் தொறந்தான். தாரணி, சாக்கடை கூட அப்படி நாறாது. ஃபினாயில் போட்டு அலம்பின வீடு பூரா அந்த நாத்தம். யார் வீட்டு அழுக்கோ, எத்தனை பேர் பல்லப் பிடுங்கற எடத்து அழுக்கோ. கிரகணத் தீட்டுப் போக இவ்ளோ பாடு பட்ட எங்கம்மா பாத்துண்டு நின்னா.

அண்ணா மருந்து பாட்டில லைட்டுக்குப் பிடிச்சுப் பாத்தான். "யாரு விட்டது?"

"நான். எவ்ளோன்னு தெரியாம..."

"சரியாத்தான் விட்டிருக்கே. இல்லேன்னா ஆறும் போயிருக்கும்."

அந்த கறுப்பு ஸ்பாஞ்ச எடுத்தான். பிடிக்கவே முடியலை. காலம்பறலேந்து அவனும் ஒண்ணும் சாப்பிடலை போல. ஸ்பாஞ்ச் நழுவி கவருக்குள்ளயே விழுந்துது.

அம்மா புடவையத் தூக்கிச் செருகிண்டா. "தள்ளிக்கோ. எங்க பிழியணும்? சொல்லு."

"நீ வேண்டாம்மா."

"எங்கன்னு கேட்டேன்."

"கல்லு மேல. கொஞ்சம்தான். மீதிய அப்படியே ஃபில்டருக்குள்ள வெச்சுடணும். காயக் கூடாது."

பிழிஞ்சா. அந்தக் கண்ணாடித் தண்ணி புகை பரவற மாதிரி பழுப்பாச்சு. முழங்கை வரைக்கும் கறுப்பு வழிஞ்சுது. முகத்தச் சுளிக்கலை. "போதுமா? இன்னும் வேணுமா?"ன்னு அவனக் கேட்டுக் கேட்டுப் பண்ணினா.

ஜூலியா ஆன்ட்டி காபிய ஆத்திண்டே சொன்னா. "நல்லா இருக்குதுமா உங்க வூட்டு வேல. நாங்க அழுக்கத் தள்றோம், நீங்க வாங்கி ஊத்தறீங்க."

நாங்க நாலு பேரும் சிரிச்சுட்டோம். அண்ணாவும்தான்.

அவா போனப்புறம் தண்ணி கொஞ்சம் தெளிஞ்சுது. அஞ்சு மீன் மேலேந்து எறங்கி நடுவுல நின்னுது. ஒண்ணு மட்டும் கல்லு மேலயே இருந்தது. அண்ணா வலையால லேசா தொட்டான். அசையலை.



"கடைல இதே மாதிரி கிடைக்காதா?"ன்னா அம்மா. "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? உங்கப்பாவுக்கு எங்க தெரியப் போறது. ரஞ்சு போய் வாங்கிண்டு வந்துடுவா."

"வேண்டாம்மா."

"ஏன்டா?"

"இந்தத் தண்ணில இன்னொரு மீன விட்டா அதுவும் போயிடும். இந்த அஞ்சுமே தங்குமான்னு தெரியலை."

ஹாஸ்டலப் பத்தி அவன் பேசவே இல்லை. மீனப் பத்தித்தான் பேசினான்.

அப்பா வரச்சே விளக்கு ஏத்தியாச்சு. ஹோசூர் ரோடு டிராஃபிக்ல மாட்டிண்டு, சட்டையெல்லாம் கசங்கி, கண்ணு செவந்து வந்தார். ஷூவக் கூட கழட்டலை. மோந்து பாத்தார்.

"என்ன நாத்தம் இது?"

அம்மா சமையலறை வாசல்ல நின்னுண்டு கடகடன்னு சொன்னா. "ஏன்னா, கிரகணத்துக்குன்னு நான் தொட்டித் தண்ணியக் கொட்டிட்டேன். ஸ்பாஞ்ச சோப்பு போட்டு அலம்பிட்டேன். ஒரு மீன் செத்துப் போச்சு. கொன்னது நான். அவன் இல்லை. அவன் அலைஞ்சு திரிஞ்சு மீதி அஞ்சக் காப்பாத்தினான். நீங்க போட்ட பந்தயத்துல இத சேக்கப் படாது."

அண்ணா தொட்டிகிட்ட நின்னுண்டிருந்தான். நான் அவன் பின்னாடி.

அப்பா மெதுவா வந்து குனிஞ்சு பாத்தார். ரெண்டு மாசத்துல மொதல் தடவையா அந்தத் தொட்டிய அவ்ளோ கிட்டக்கப் பாத்தார். "இது ஏன் ஓரமா ஒதுங்கி நிக்கறது?"

"ஸ்ட்ரெஸ்ஸுப்பா. ரெண்டு நாள் போனா தெரியும்."

"ம்."

எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியாயிடும்னு தோணித்து. நெஜம்மா தோணித்துடீ.

அப்பா சோபால உக்காந்தார். கண்ணாடியக் கழட்டி மூக்கத் தேச்சுண்டு அம்மாவப் பாத்தார். "நிரூ, மீன் செத்தாலும் சாகலைன்னாலும்... நான் இன்னிக்கு ஹாஸ்டலுக்குப் போன் பண்ணிட்டேன். வியாழக்கிழமை கொண்டு வந்து விடறேன்னு சொல்லிட்டேன்."

"தீபாவளி வரைக்கும்னு சொன்னேளே!"

"சொன்னேன். க்ளாஸ் ஆரம்பிச்சு எவ்ளோ நாளாச்சு? சீட்ட தீபாவளி வரைக்கும் பிடிச்சு வெச்சுண்டு உக்காந்திருப்பாளா? ஏதோ அவன் மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன். நீங்கள்லாம் என்னமோ என்னை ராட்சசன் மாதிரி பாக்கறேள். எனக்கு மட்டும் ஆசையா? என்ன செய்யணும்னு தெரியலை எனக்கு. தெரிஞ்சதச் செய்யறேன்."

குரல் ஏறவே இல்லை. திட்டினா கூட திருப்பி ஏதாவது சொல்லலாம். அவ்ளோ ஓஞ்சு போய்ச் சொன்னார்.

அம்மா அழ ஆரம்பிச்சா. நான் அண்ணாவப் பாத்தேன்.

"சரிப்பா"ன்னான்.

ஜூன்ல ஹாஸ்டல்ல விடறச்சேயும் இதே மாதிரிதான் சொன்னான்.

எல்லாரும் சாப்ட்டோம். ரசம், அப்பளம். அண்ணா ரெண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிண்டான். அம்மாகிட்ட ரசம் நன்னா இருக்குன்னான். அப்பா நிம்மதியா மூச்சு விட்டது எனக்குக் கேட்டுது.

கை அலம்பிண்டு வந்தப்புறம் கூப்பிட்டான். "ரஞ்சு, வா. அந்த நீல பக்கெட்ட எடு."

"எதுக்கு?"

"தண்ணி மாத்தறது எப்படின்னு சொல்லித் தரேன்."

எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. இத்தனை நாள் கைய வைக்க விட்டதே இல்லையே. பொறுமையா சொல்லிக் குடுத்தான். தண்ணி உறிஞ்சற நீள ட்யூப எப்படி முக்கி எடுக்கணும், கல்லுக்கு நடுவுல எப்படி இழுக்கணும், பாதிக்கு மேல எப்பவும் எடுக்கக் கூடாது, புதுத் தண்ணில மருந்து விட்டு ஆற வெச்சுட்டுத்தான் ஊத்தணும். ஸ்பாஞ்ச குழால காமிக்கவே கூடாது, தொட்டித் தண்ணியிலயே ரெண்டு தடவை முக்கினா போதும். சாப்பாடு ஒரு சிட்டிகை, தின்னு முடிக்கற அளவுதான். சொட்டு மருந்து பச்சையாச்சுன்னா பயப்படாதே, கொஞ்சம் தண்ணி மாத்து.

"திருப்பிச் சொல்லு"ன்னான்.

சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன்.

"ட்யூப நீயே போடு பாக்கலாம்."

போட்டேன். ஒரு சொட்டு கீழ சிந்தலை.

தலைல கைய வெச்சு லேசா ஆட்டினான். "அவ்ளோதான். இனிமே நீயே பாத்துப்பே."

அப்போ எனக்குப் பெருமையா இருந்தது தாரணி. அதச் சொல்லவே வெக்கமா இருக்கு. படுக்க வந்து லைட்ட அணைச்சப்புறம்தான் சுருக்குன்னுது. இன்னிக்கு ஏன் சொல்லித் தந்தான்? ஹாஸ்டலுக்குப் போறவன் மாதிரிதான் சொல்லித் தந்தானா? இல்ல, ஹாஸ்டலுக்கும் போகாம வேற எங்கயோ போறவன் மாதிரியா?

அம்மாவ எழுப்பலாமான்னு பாத்தேன். அழுது அழுது இப்போதான் கண்ண மூடினா. அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் குறட்டை விடறார். நான் கதவ ஒரு விரல் அளவு தொறந்து வெச்சுண்டு படுத்திருக்கேன். ஃபில்டர் சத்தம் கேக்கறது. அண்ணா பாய்ல புரண்டா சத்தம் கேக்கும். கேட்டுண்டே இருக்கேன். கண்ணு சொக்கறது, உடனே திடுக்குன்னு முழிப்பு வரது.

எனக்குப் புரியலைன்னு சொல்லிருக்கணும்டீ. கைய உதறி, தண்ணியச் சிந்தி, எனக்கு இதெல்லாம் வராது, நீயே பாத்துக்கோன்னு சொல்லிருக்கணும். அப்போ அவன் நாளைக்கும் சொல்லித் தரணும், நாளன்னிக்கும் சொல்லித் தரணும்.

ஒரே தடவைல கத்துண்டுட்டேன்.